ஏழாம் கூண்டிலிருந்து ஒரு பிடி

என் இளைய மருமகன் பத்தொன்பது வருஷம் எலிகளுக்கு ஊழியம் செய்தவர். எலி பிடிக்கிறவர் இல்லை. பிடிக்கிறவராக இருந்தாலாவது தெருவில் நாலு பேர் மதித்துக் கூப்பிடுவார்கள். இவர் எலியை வளர்க்கிறவர். வெள்ளை எலி, சிவப்புக் கண். அதற்குத் தண்ணீர் மாற்றுவது, தீனி போடுவது, புழுக்கையை அள்ளுவது, காதில் துளை போட்டு அடையாளம் வைப்பது, சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதைப் பற்றியே பேசுவது. இதுதான் உத்தியோகம்.

பெண் கேட்டு வந்தபோது "குடல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை" என்று மட்டும் சொன்னார்கள். நானும் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு கண்ணாடிக் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிற ஆள் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன். கல்யாணம் முடிந்து மூன்றாவது வாரம் என் மகள்தான் மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா, அவரு எலி ரூம்ல இருக்காரு."

"எலி ரூம்ல என்ன பண்றாரு?"

"எலிக்கு எல்லாம் பண்றாரு."

அந்த 'எல்லாம்' என்பதற்குள் என்னென்ன அடங்கும் என்பது எனக்கு அவர்கள் வீட்டுக்கே குடிவந்த பிறகுதான் தெரிந்தது. அதற்குள் எதிர்வீட்டுத் தையல்காரிக்கும் விஷயம் போய்விட்டது. "உங்க மருமகனுக்குக் கோபம் வந்தா ஒரு பூனையை அனுப்பி வைக்கறேன், அடங்கிடுவாரு" என்றாள். அவள் வாயில் ஊசியே போட்டுத் தைக்கலாம். ஆனால் அன்றைக்கு வாசல் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒல்லி. கழுத்து மட்டும் நீளம். கதவைத் திறந்தால் கதவிடம் மன்னிப்புக் கேட்கிற ஜாதி. பஸ்ஸில் யார் காலையாவது மிதித்துவிட்டால் இவர் இறங்கிவிடுவார். கோபம் என்று ஒன்றை நான் பார்த்ததில்லை. கோபமே வராத ஆண்பிள்ளையை நம்பி ஒரு குடும்பம் எப்படி நடக்கும் என்பது என் கேள்வி. அங்கேயே குளித்துவிட்டுத்தான் வருவார், இருந்தாலும் சட்டைக்குள்ளிருந்து மரச்சீவல் வாசனையும் தீனி வாசனையும் வரும். கூண்டுக்குள் பரப்புகிற சீவல். நான் மூக்கைப் பொத்தமாட்டேன், மரியாதை என்று ஒன்று இருக்கிறது. ஜன்னலைத் திறந்து வைப்பேன்.

சாப்பாட்டில் உட்கார்ந்தால்தான் இவருக்குப் பேச்சு வரும். மற்ற நேரமெல்லாம் ஊமை.

"இன்னைக்கு ஏழாம் கூண்டுல ரொம்ப நல்லா போயிருக்கு அத்தை."

"என்ன போயிருக்கு?"

"புழுக்கை. நல்ல புழுக்கை எப்படி இருக்கணும் தெரியுமா? கருப்பா, உறுதியா, நீள அரிசி மாதிரி."

நான் என் தட்டைப் பார்த்தேன். என் மகள் கூரையைப் பார்த்தாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே போனார். புழுக்கை இளகினால் எலிக்குச் சுகமில்லை என்று அர்த்தமாம். எலி தன் புழுக்கையைத் தானே தின்னுமாம், கூட இருக்கிறதுடையதையும் தின்னுமாம். அசிங்கம் என்று முகத்தைச் சுளித்தேன். "அசிங்கம் இல்ல அத்தை. அப்படித்தான் ஒண்ணு வயித்துல இருக்கிற நல்ல கிருமி இன்னொண்ணு வயித்துக்குப் போகுது. ஒரே கூண்டுல இருக்கிறதுக்கெல்லாம் வயிறு ஒண்ணுதான்" என்றார். இதை அவரே, தன் வாயால், சோறு தின்றுகொண்டே சொன்னார். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

ஒருமுறை அவர் மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டார். கண்ணாடி இல்லாமல் காதுத் துளையை எப்படி எண்ணுவார் என்று என் மகள் புலம்பினாள். நான் எடுத்துக்கொண்டு போனேன். மூன்று மாடிக் கட்டடம். எலி அறை கீழ்த்தளத்தின் கோடியில். இரண்டு கதவு. முதல் கதவைச் சாத்தினால்தான் இரண்டாவது திறக்கும். நடுவில் நின்று காலுக்கு உறை, தலைக்குக் குல்லாய், வாய்க்கு முகமூடி. என்னை உள்ளே விடவில்லை. பெரிய கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்க்கச் சொன்னார்கள். உள்ளே இரண்டு தட்டு வைத்த நீள அலமாரி. மேல்தட்டில் பன்னிரண்டு கூண்டு, கீழ்த்தட்டில் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் நாலு எலி. என் மருமகன் ஒரு கூண்டைத் திறந்து, ஒரு எலியை வால் அடியில் பிடித்து உள்ளங்கையில் ஏந்தி, அதனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். முகமூடி அசைந்தது. என் மகளிடம் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

இனி அந்தப் பேராசிரியர். குடலுக்கு அதிபதி. அந்த நிலையமே அவர் பெயரைச் சொல்லித்தான் ஓடுகிறது என்றார்கள். பணியாளர் குடும்பங்களையெல்லாம் கூப்பிட்டு ஒரு நாள் கூட்டம் போட்டுப் பேசினார். நானும் போனேன். நன்றாகத்தான் பேசினார், அதை இல்லை என்று சொல்லமாட்டேன். மனிதக் குடலை விரித்தால் பாதிப் பூப்பந்து மைதானம் வருமாம். அவ்வளவு பெரிய சுவருக்குக் கனம் ஒரே ஒரு உயிரணுதானாம். வரிசையாக நிற்கிற ஆட்கள் கை கோத்துக்கொண்ட மாதிரி உயிரணுக்கள் கோத்துக்கொண்டு நிற்குமாம். அந்தக் கை விட்டால் உள்ளே இருக்க வேண்டியது ரத்தத்துக்குள் கசியுமாம், அங்கிருந்து ஆயிரம் நோயாம். உள்ளே குடியிருக்கிற கோடிக் கிருமிகளில் நல்லது உண்டு, கெட்டது உண்டு. நார்ச்சத்து போடாவிட்டால் அவை பசியில் சுவரின் வழவழப்பையே தின்ன ஆரம்பித்துவிடுமாம். அதையெல்லாம் சரிக்கட்டத் தான் ஒரு பவுடர் கண்டுபிடித்திருப்பதாகவும், எலிகளில் அது நிரூபணம் ஆகிவிட்டதாகவும், சீக்கிரம் டப்பாவில் வரும் என்றும் சொன்னார். கைதட்டினார்கள். நடைவழியில் அந்த நிரூபணத்தின் படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்தது.

இவ்வளவையும் பேசிவிட்டு மேடையை விட்டு இறங்கியவர், சட்டைப்பையிலிருந்து நெஞ்செரிச்சல் மாத்திரையை எடுத்துச் சப்பினார். ஊருக்கெல்லாம் குடல் காக்கிறவருக்குத் தன் வயிறு தன் பேச்சைக் கேட்கவில்லை. சரி, அதைக்கூட விட்டுவிடலாம், உடம்பு யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் இதைக் கேளுங்கள்: அந்த ஆளுக்கு எலி ஆகாது. பக்கத்தில் போனால் தும்மல், கண் வீக்கம். பதினோரு வருஷமாக அவர் அந்த அறைக்குள் காலே வைக்கவில்லை. வேண்டுமானால் நான் நின்ற அதே கண்ணாடிக்கு வெளியே வந்து நின்று பார்த்துவிட்டுப் போவார். எலியைத் தொடாமலே எலியின் குடலில் என்ன நடக்கிறது என்று உலகத்துக்குச் சொல்லுகிற ஞானி. உள்ளே நடப்பதை எல்லாம் என் மருமகன் செய்வார். பெயர் மட்டும் கண்ணாடிக்கு வெளியே நிற்கும்.

என் மருமகனின் வேலை அவர் கையில்தான் இருந்தது. நிரந்தரம் கிடையாது. ஒவ்வொரு வருஷமும் ஒரு தாள் வரும்; அதில் பேராசிரியர் கையெழுத்துப் போட்டால் இன்னும் ஒரு வருஷம். போடாவிட்டால் வீடு. பத்தொன்பது தாள். ஒருமுறையாவது நிரந்தரம் செய்யுங்கள் என்று கேட்டாரா? கேட்கமாட்டார். "அவங்களா செய்வாங்க அத்தை" என்பார். தானாகக் கனிகிற பழத்தை வவ்வால்தான் தின்னும் என்று நான் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். என் மகள் துணி இஸ்திரி போடுகிற கடையில் நாள் முழுக்க நின்று கால் வீங்கி வருகிறாள். அந்தத் தாளில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

இருபதாவது தாள் வர வேண்டிய சமயத்தில்தான் அது நடந்தது.

பேராசிரியரிடம் ஒரு பெண் ஆராய்ச்சிப் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். நாலாவது வருஷம். அந்தப் பவுடர் வேலை செய்கிறது என்பதை இன்னும் ஒரு தடவை, இன்னும் சுத்தமாகச் செய்து காட்டவேண்டும் என்று அவளுக்கு உத்தரவு. இருபத்துநாலு கூண்டு எலிக்கும் நாரில்லாத தீனி. அதனால் எல்லாவற்றுக்கும் குடல் சுவர் பலவீனமாகும். பாதிக் கூண்டுக்குப் பவுடர், பாதிக்கு வெறும் தண்ணீர். எட்டு வாரம் கழித்து எலிக்கு ஒளிருகிற சாயம் ஒன்றைப் புகட்டுவார்கள். குடல் சுவர் ஓட்டையாக இருந்தால் சாயம் ரத்தத்துக்குள் கசிந்து ரத்தம் மின்னும். உறுதியாக இருந்தால் மின்னாது. அவ்வளவுதான் சோதனை.

இதற்கு முன்னாலெல்லாம் பவுடர் தின்னும் எலி மேல்தட்டில், வெறும் எலி கீழ்த்தட்டில். அப்படித்தான் வழக்கம், ஆட்களுக்கு வசதி. இந்தப் பெண் ஒத்துக்கொள்ளவில்லை. சீட்டு எழுதிக் குலுக்கினாள். என் மருமகனையே எடுக்கச் சொன்னாள். எந்தக் கூண்டுக்குப் பவுடர் என்று சீட்டு சொன்னது. இரண்டு தட்டிலும் கலந்து வந்துவிட்டது. "ரொம்ப சுத்தமான பொண்ணு அத்தை" என்று சாப்பிடும்போது சொன்னார். எனக்கு அவள்மேல் அப்போதே ஒரு நல்ல எண்ணம். சீட்டை எடுக்கச் சொல்லி இவரைக் கூப்பிட்டாளே, அந்தக் கட்டடத்தில் இவரையும் ஒரு கை இருக்கிற மனிதனாக நினைத்த முதல் ஆள்.

எட்டு வாரம் முடிந்தது. சாயம் புகட்டினார்கள். பவுடர் எலிக்கும் வெறும் எலிக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனால் வேறொன்று இருந்தது. மேல்தட்டு எலிகள் எல்லாமே உறுதி, பவுடர் தின்றதும் தின்னாததும். கீழ்த்தட்டு எலிகள் எல்லாமே கசிவு, தின்றதும் தின்னாததும். மலையைக் கெல்லி எலியைப் பிடித்தார்கள் என்பார்கள். இவர்கள் எலியைக் கெல்லி அலமாரித் தட்டைப் பிடித்திருக்கிறார்கள்.

பேராசிரியர் என்ன செய்தார்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். "நீதான் கூண்டை மாத்திப் புகட்டியிருக்கே. உனக்கு இந்தப் படிப்பு லாயக்கில்ல. மாசக் கடைசியில இடத்தைக் காலி பண்ணு" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அவள் கூண்டு கழுவுகிற அறையில் போய் நின்று அழுதிருக்கிறாள். என் மருமகன் அங்கே எலிகளின் தண்ணீர் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க. எலியை எதுவும் கூண்டு மாத்தி வெச்சீங்களா?"

"இல்லம்மா. ஒண்ணுகூட மாத்தல."

"மேல்தட்டுல காத்து, வெளிச்சம் எதுவும் வேறயா?"

"எல்லாம் ஒண்ணுதாம்மா."

"அப்புறம் எப்படிண்ணே மேல இருக்கிறதெல்லாம் ஒரே வயிறா இருக்கு?"

ஒரே வயிறு. அந்தச் சொல்லை இவர் பஸ்ஸில் வழி முழுக்கச் சுமந்துகொண்டு வந்திருக்கிறார். வீட்டுக்கு வந்தார், கைகால் கழுவினார், உட்கார்ந்தார். தட்டை வைத்தேன். தொடவில்லை. புழுக்கைப் பேச்சும் இல்லை. எனக்கே பயமாகிவிட்டது.

"என்னங்க, உடம்பு சரியில்லையா?" என்று என் மகள் கேட்டாள்.

"நான்தான் பண்ணிட்டேன்" என்றார்.

விஷயம் இதுதான். வாரத்துக்கு ஒருமுறை கூண்டுச் சீவலை மாற்றவேண்டும். பழையதைக் கொட்டிவிட்டுப் புதுசு பரப்பவேண்டும். புதுச் சீவலில் தன் வாசனை இல்லாததால் எலிகள் மிரண்டு ஒன்றை ஒன்று கடிக்குமாம். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே ரத்தம் பார்த்திருக்கிறார். அதற்கு இவராக ஒரு வழி கண்டுபிடித்தார். எந்தக் கூண்டு ரொம்பச் சாந்தமோ, அந்தக் கூண்டின் பழைய சீவலில் ஒரு பிடி எடுத்து அந்தத் தட்டில் இருக்கிற எல்லாக் கூண்டுக்கும் போடுவது. மேல்தட்டுக்கு ஏழாம் கூண்டிலிருந்து. கீழ்த்தட்டுக்குப் பத்தொன்பதிலிருந்து. எலிகள் மாறினாலும் அந்தக் கூண்டுகளின் பழைய சீவலில் ஒரு பிடி புது எலிகளுக்கும் போய்விடும். சண்டை நின்றுவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. பத்தொன்பது வருஷம் ஒரு வாரம் தவறாமல் போட்டிருக்கிறார்.

அந்தப் பிடிக்குள் சீவல் மட்டுமா இருக்கும்? புழுக்கையும் இருக்கும்.

"பாலுக்கு உறை போட்ட மாதிரி அத்தை. ஏழாம் கூண்டு வயித்தை மேல்தட்டுக்கெல்லாம் உறை போட்டுட்டேன். பத்தொன்பதோட வயித்தைக் கீழ்த்தட்டுக்கு."

புழுக்கையைத் தின்னும் என்று தெரியும். ஒரே வயிறு ஆகும் என்று தெரியும். ஒரு பிடியில் புழுக்கை இருக்கும் என்று கண்ணால் பார்த்தார். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்க இந்த மனிதருக்குப் பத்தொன்பது வருஷம் ஆகியிருக்கிறது. கூண்டுக்கும் கூண்டுக்கும் நடுவே பாலம் கட்டியவருக்கு மண்டைக்குள் ஒரு பாலம் கட்டத் தெரியவில்லை.

"சரி. யாருக்காவது தெரியுமா?" என்று நான் கேட்டேன்.

"யாருக்கும் தெரியாது. நாளைக்குச் சொல்லணும்."

"சொல்லாதீங்க மாப்பிள்ளை."

"அந்தப் பொண்ணு படிப்பு போயிடும் அத்தை."

"அவ படிச்சவ, நாலு எடத்துல பொழைச்சுக்குவா. உங்களுக்கு என்ன இருக்கு? அடுத்த வாரம் தாள் வரும், கையெழுத்தை வாங்கிக்கிட்டு அப்புறம் சொல்லுங்க. வாயைத் தொறக்கவே தெரியாதவருக்கு இப்பத்தானா வாய் வரணும்?"

என் மகள் வீங்கிய காலை நீவிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். அவள் என் பக்கம் சேராததுதான் எனக்கு எரிச்சல். நான் சொன்னதைச் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் பெற்றவள் அப்படித்தான் சொல்வாள். அவர் எழுந்து போய்த் தட்டைக் கழுவி வைத்தார். சாப்பிடாத தட்டை.

மறுநாள் பேராசிரியர் அறையில் நடந்ததை மருமகன் சொன்னால் பாதிதான் சொல்லுவார். அந்த ஆராய்ச்சிப் பெண் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து முழுக்கச் சொன்னாள். அவளும் அங்கே நின்றிருக்கிறாள்.

"என்னப்பா, என்ன வேணும்?"

"சார், இந்த மேடம் மேல தப்பில்ல. நான் ஒரு பிடி போட்டேன் சார்."

"என்ன பிடி?"

சொல்லியிருக்கிறார். கேட்கக் கேட்கப் பேராசிரியர் முகம் முதலில் மலர்ந்ததாம். பலிக்கு ஆள் கிடைத்த மலர்ச்சி. "யாரைக் கேட்டுய்யா செஞ்சே?" என்று கத்தினாராம். "யாரையும் கேக்கல சார். சண்டை போட்டுச்சு." "எத்தனை நாளா நடக்குது இது?"

"சேர்ந்ததுலேர்ந்து சார். எல்லாத்துக்கும் போட்டேன்."

அங்கேதான் அந்த ஆள் வாய் மூடியது. அந்தப் பெண்ணுக்கும் அதே நொடியில் புரிந்துவிட்டது. நடைவழியில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிற நிரூபணம் இருக்கிறதே, அதில் பவுடர் எலியெல்லாம் மேல்தட்டு, வெறும் எலியெல்லாம் கீழ்த்தட்டு. மேல்தட்டுக் குடல் உறுதியானது பவுடராலா, ஏழாம் கூண்டுப் பிடியாலா? யாருக்குத் தெரியும்? கைதட்டல் வாங்கியது பேராசிரியரின் பவுடரா, என் மருமகனின் கையா? அந்த ஆள் மாத்திரை ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கதவைச் சாத்தச் சொன்னாராம். குரல் தேனாக மாறிவிட்டதாம்.

"பாருப்பா. இந்த ஒரு தடவை மட்டும்தான் தெரியாம செஞ்சுட்டேன்னு எழுதிக் குடு. இந்தப் பொண்ணு மேலயும் தப்பில்லன்னு ஆயிடும். உன் தாள்ல நான் இப்பவே கையெழுத்துப் போடறேன். நிரந்தரம் பத்திக்கூடப் பேசலாம்."

"எல்லாத் தடவையும் போட்டேனே சார்."

"அது எனக்குப் புரியுதுய்யா. நீ என்ன எழுதணும்னு சொல்றேன்."

"அப்ப அந்தப் பழைய எலிங்க, சார்?"

"செத்த எலிக்கு என்னய்யா?"

ஒவ்வொரு ஆராய்ச்சி முடிவிலும் எலிகளைக் கொன்றுதான் குடலை எடுப்பார்கள். அதுவரை கையில் பிடித்துக்கொண்டிருப்பது என் மருமகன்தான். அதுவும் பத்தொன்பது வருஷம். எத்தனை எலி என்று எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்.

"சார், அதுங்க இதைச் சொல்றதுக்குத்தான் செத்துச்சுங்க. நான் மாத்தி எழுதினா சும்மா செத்த மாதிரி ஆயிடும் சார்" என்றாராம். சத்தமாகக்கூட இல்லை. மன்னிப்புக் கேட்கிற அதே குரலில். "நான் எப்பவும் போட்டேன்னுதான் எழுதுவேன்" என்று சொல்லி, அதையே எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டு, பாட்டில் கழுவப் போயிருக்கிறார்.

இருபதாவது தாள் வரவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதீர்கள். எலிக்காக வேலையை விட்ட மனிதரை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? "செத்த எலிக்கு விசுவாசம், உசிரோட இருக்கிற பொண்டாட்டிக்கு இஸ்திரிப் பெட்டியா?" என்று கேட்டேன். கேட்டது தப்பில்லை. என் மகள்தான் திரும்பி, "நீ சும்மா இரும்மா. என் கால்தானே வீங்குது" என்றாள். பெற்ற பெண் என்னை அப்படி அதட்டியது அதுதான் முதல் தடவை. நான் இரண்டு நாள் பேசவில்லை. அவர்கள் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

இரண்டரை மாதம் வீட்டில் இருந்தார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டார், துணி துவைத்தார், என் நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தார். பாட்டில் கழுவிய பழக்கத்தில் வீட்டு டம்ளர்களையெல்லாம் கண்ணாடி மாதிரி தேய்த்து வைத்தார். தையல்காரி மட்டும் வாசலில் நின்று, "எலி ரிட்டயர் ஆயிடுச்சா?" என்றாள். "உன் மெஷின் சத்தம் தாங்காம எலியே ஊரை விட்டு ஓடிப்போச்சு, எங்க வீட்டு ஆளாவது இன்னும் இருக்காரு" என்றேன். என் மருமகனை நான் திட்டலாம். தெருவில் போகிறவளுக்கு அந்த உரிமையை யார் கொடுத்தது?

பேராசிரியரோ கூட்டங்களில் பேசிக்கொண்டுதான் இருந்தார். சட்டம் போட்ட படம் அதே ஆணியில்தான் தொங்கியது. அந்த ஆளுக்குக் குடல் சுவர் மெல்லியதா தடிமனா எனக்குத் தெரியாது, தோல் மட்டும் ரொம்பத் தடிமன்.

அப்புறம் ஒரு மத்தியானம் அந்தப் பெண் வந்தாள். கையில் ஒரு பை. அவள் அந்த ஆளை விட்டு விலகி, பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிற ஒரு பேராசிரியை அம்மாவிடம் சேர்ந்துவிட்டாளாம். படிப்பு போகவில்லை. தலைப்பு மாறிவிட்டது. பவுடரைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு பிடி பழைய சீவலால் தட்டுத் தட்டாகக் குடல் எப்படி மாறுகிறது என்பதையே ஆராயப் போகிறாளாம். பிடி போட்ட தட்டு, போடாத தட்டு என்று.

"அதுக்கு அண்ணன் போட்ட பிடி எவ்வளவுன்னு தெரியணும் அம்மா" என்றாள் என்னிடம். பையிலிருந்து சின்னத் தராசு ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள். பச்சை எழுத்தில் எண் காட்டுகிற தராசு. எனக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும்.

சீவலுக்கு எங்கே போவது? என் மகள் கடையில் இருந்தாள். இவர் வாசலுக்குப் போய் நின்று யோசித்துக்கொண்டிருந்தார். இவர் யோசித்து முடிப்பதற்குள் அந்தப் பெண்ணுக்கு இன்னொரு பத்தொன்பது வருஷம் போய்விடும். நானே தெருமுனைத் தச்சுப் பட்டறைக்குப் போய் ஒரு கூடை சீவல் கேட்டு அள்ளிக்கொண்டு வந்தேன். வேறு ஆள் இல்லாததால் போனேன்.

கூடையை வைத்ததும் இவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். எங்கள் வீட்டில் இதுவரை நான் பார்க்காத ஒரு முகம். குனிந்து, விரலை அகட்டி, ஒரு பிடி எடுத்தார். தராசில் வைத்தார். எட்டு கிராம். கொட்டினாள். மறுபடியும் எடுக்கச் சொன்னாள். எட்டு. மறுபடியும். எட்டும் கொஞ்சமும். மறுபடியும் எட்டு. பேசிக்கொண்டே எடுக்கச் சொன்னாள், கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொன்னாள், இருபது தடவை எடுத்தார். எட்டை விட்டு அந்த எண் தாண்டவே இல்லை. அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு அவர் கையையே பார்த்தாள்.

நானும் ஒரு பிடி எடுத்து வைத்துப் பார்த்தேன். முதல் தடவை பதினொன்று. அடுத்தது ஆறு.

"அண்ணே, எங்க மேடம் உங்களை வரச் சொன்னாங்க. எலி ரூமுக்கு ஆள் வேணும். நிரந்தரம் இல்ல, வருஷா வருஷம்தான்" என்றாள் தயங்கிக்கொண்டே.

"அந்த மேடம் எலி ரூமுக்குள்ள வருவாங்களா?" என்று நான் கேட்டேன்.

"தினமும் வருவாங்கம்மா."

"தும்மமாட்டாங்களே?"

அவள் சிரித்துவிட்டாள். இவர் தரையில் சிந்திய சீவலை ஒன்று விடாமல் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

மறுபடியும் தற்காலிகம். மறுபடியும் எலி. மறுபடியும் தாள். வாயைத் திறந்து ஒரு நிரந்தரம் கேட்கத் தெரியாத ஆளை இந்த வயதுக்கு மேல் யார் திருத்துவது? வேலைக்குப் போன முதல் நாள் காலையில் மூக்குக்கண்ணாடியைச் சட்டைப்பையில் வைத்து அனுப்பினேன், நான் இன்னொரு தடவை தூக்கிக்கொண்டு அலைய முடியாது என்பதால். "சாப்பிடறப்ப மட்டும் அந்தப் பேச்சு வேண்டாம், இந்த வீட்டுக்கு ஒரு சட்டம் இருக்கு" என்றும் சொல்லிவிட்டேன். தலையாட்டினார்.

சாயங்காலம் வந்தார். ஜன்னலைத் திறந்து வைத்தேன். தட்டின் முன்னால் உட்கார்ந்தார். ஒரு வாய், இரண்டு வாய், பேசவில்லை. மூன்றாவது வாயில் என் முகத்தைப் பார்த்தார். என் மகளைப் பார்த்தார். மறுபடியும் தட்டைப் பார்த்தார். ஒரு மனிதர் இவ்வளவு நேரம் ஒன்றை வாய்க்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது.

என் தட்டைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டேன்.

"சரி, சொல்லித் தொலைங்க மாப்பிள்ளை. புது எலிங்களுக்கு எப்படி, நல்லா போயிருக்கா இல்லையா?"